மாரண்டஹள்ளி அம்மாவுக்குக் காலை ஊசி

நடந்தவை, வரிசையாக:

1. திங்கட்கிழமை, பெண்கள் வார்டு போர்டில் ‘மாரண்டஹள்ளி அம்மா – காலை பெனிசிலின்’ என்று எழுதினேன். அன்று அந்த ஊர்க்காரர் ஒருவர்தான் இருந்தார்: லட்சுமி.
2. செவ்வாயன்று ரோசம்மா சேர்ந்தார். அவரும் மாரண்டஹள்ளி. முன்பு ஒருமுறை பெனிசிலின் ஊசியில் மூச்சடைத்துப் பிழைத்தவர்.
3. நான் போர்டைத் திருத்தவில்லை.
4. புதன் காலை, விடுப்பு முடிந்து வந்த நர்ஸ் கலா ஊசியோடு ரோசம்மாவிடம் போனார்.

தருமபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையின் தரப் பிரிவில் வேலை செய்கிறேன்; வார்டு போர்டு எழுதுவதும் என் பொறுப்பு. முழங்கால் ஆபரேஷனுக்கு மலேசியாவிலிருந்து வர விரும்பிய ஒருவர், பாதுகாப்புச் சான்றிதழ் இருந்தால்தான் வருவதாக எழுதியிருந்தார். அவருக்கு எங்களுடையதுதான் வெளிநாட்டு ஆஸ்பத்திரி. சான்றிதழுக்கு முதல் விதி: மருந்து கொடுக்கும் முன் நோயாளியின் வாயால் பெயரைக் கேட்க வேண்டும். எங்கள் வார்டில் பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கேட்பது மரியாதையில்லை. ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம்.

செவ்வாய் மாலை கையில் நோட்டோடு கட்டில் கட்டிலாகப் போய், “பேரக் கேக்காம யாரு வந்தாலும் கைய நீட்டாதீங்க” என்று சொல்லியிருந்தேன். எல்லோரும் சிரித்தார்கள்.

புதன் காலை கலா ரோசம்மாவிடம் கேட்டார்: “மாரண்டஹள்ளி அம்மாதானுங்களே? கைய நீட்டுங்க.”

“மாரண்டஹள்ளிதான். பேரக் கேளு சாமி. கேக்காம நீட்டக்கூடாதுன்னு அந்த நோட்டுக்காரப் புள்ள சொல்லிச்சு.”

“உங்களப் போய்ப் பேரு கேட்டா நல்லாவாங்க இருக்கும்?”

“ஏன், அவ்ளோ கெட்ட பேரா? ஞானஸ்நானத்துல சாமியாரு வெச்சதும்மா. ரோசம்மா.”

கலா தட்டிலிருந்த மருந்துச் சீட்டைப் பார்த்தார். ‘லட்சுமி’ என்றிருந்தது. ஊசியைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார்.

எதிர்க் கட்டிலில் இருந்து லட்சுமி, “எனக்கு வர்ற ஊசி அங்க எங்கீங்க போவுது?” என்றார்.

நிர்வாகியிடம் போய்ச் சம்பவ அறிக்கை எழுதப் போவதாகச் சொன்னேன்.

“ஊசிதான் போடலியேம்மா. இன்ஸ்பெக்‌ஷன் நேரத்துல இத எழுதணுமா? அப்பறம் மலேசியாக்காரரு வருவாரா?”

“அவரு வந்தா எந்த ஊரு பேரு சொல்லிக் கூப்பிடுவோம் சார்?”

பேனாவை என் பக்கம் நகர்த்தினார். “சரி, எழுதுங்க.”

காரணம் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன். நான் சொன்னதை அத்தனை பேர் சிரித்துத் தள்ளியபோது ஒருவர் காதில் வாங்கியிருக்கிறார். விதியைச் சொன்னவள் நான், காப்பாற்றியவர் அவர். அந்த நன்றியை எழுத அறிக்கையில் கட்டம் இல்லை, இங்கே எழுதுகிறேன்.

சான்றிதழுக்காக வந்த ஆய்வாளர்கள் அறிக்கையைப் படித்தார்கள். திருத்தங்களைச் சில மாதம் கடைப்பிடித்துக் காட்டச் சொன்னார்கள். சான்றிதழ் இன்னும் வரவில்லை. மலேசியாக்காரர் காத்திருப்பதாக எழுதியிருக்கிறார். போர்டில் இப்போது ஊர்ப் பெயர் இல்லை. ரோசம்மா குணமாகி வீட்டுக்குப் போய்விட்டார். கலா எல்லோரிடமும் பெயர் கேட்கிறார்.