பூட்டில் தொங்கும் அக்கா

சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு அலுவலகம் வைத்த பட்டப்பெயர் 'சந்தேகம்'. காப்பியைக்கூட மோந்து பார்த்துத்தான் குடிப்பாள்.

அன்று கிளவுட் சர்வருக்குச் சின்னச் செய்திகள் போயின. பெரிய கோப்புகள் மட்டும் பாதியில் நின்றன.

"எல்லாம் இந்த ஃபயர்வால் பண்ற வேலை. அது முழியே சரியில்ல," என்று அந்தக் காவலை அணைத்தே விட்டாள். அப்படியும் கோப்பு அசையவில்லை.

அடுத்து நெட்வொர்க் கார்டின் மேல் கண் போனது. சர்வரின் சுமையைக் குறைக்கிறேன் பேர்வழி என்று, துண்டு துண்டாக வந்த தரவை அது மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. மூட்டை பெருத்து வழியில் சிக்கியது. சர்வரின் வேலையைக் கார்டே செய்யும் அந்த 'ஆஃப்லோடிங்' வசதியை நிறுத்தியதும் கோப்புகள் சரசரவென்று போயின.

"உதவி பண்றேன்னு வர்றவனத்தான் முதல்ல சந்தேகப்படணும்," என்று பக்கத்து இருக்கைக்காரனிடம் பீற்றிக்கொண்டாள்.

சாயங்காலம் அலுவலகத்தைப் பூட்டி, வழக்கம்போலப் பூட்டில் தொங்கியும் பார்த்தாள்.

"அது இருக்கட்டும்க்கா," என்றான் அவன். "காலைல அணைச்ச ஃபயர்வாலத் திரும்பப் போட்டீங்களா?"

அக்கா அதற்குள், போட்ட பூட்டைத் திறந்துகொண்டிருந்தாள்.