கைமேல் உட்கார்ந்தவர்
செங்கம் சாலை காபிக் கடையில் பக்கத்து மேசைக்காரர் அவர். கசங்கிய சட்டை, சீவாத தலை. யோசிக்கும்போது இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொள்வார்.

என் கேம் சர்வருக்கு நான் எழுதிய பிளக்இன் என்ற துணை நிரல் மூன்று நாளாகப் படுத்தியது. செட்டிங்ஸ் ஃபைலில் எதை மாற்றினாலும், சர்வரை நிறுத்தித் திரும்ப ஓட்டினால் பழையதே வந்து நின்றது. அவர் என் திரையை எட்டிப் பார்த்தார்.

“சர்வர் ஓடும்போதே ஃபைலை மாத்துறீங்களா?”

“ஆமாங்க.”

“நிறுத்துறப்போ பிளக்இன் தன்கிட்ட இருக்கற பழசை அதுமேல சேவ் பண்ணிடுதுங்க. நிறுத்திட்டு மாத்துங்க.”

அப்படியே செய்தேன், சரியாகிவிட்டது. வயிறு எரிந்தது. நன்றி சொல்லாமல், “நானும் அதான் நெனச்சேன்” என்றேன்.

“அப்படிங்களா” என்று சிரித்தார்.

இப்போதெல்லாம் நானும் கைமேல் உட்கார்ந்துதான் யோசிக்கிறேன். கை மரத்துப்போகிறது, அவ்வளவுதான்.