ஒருமுறைகூட கரன்ட் பார்க்காத போர்டும் ஒரு கடலூர் பயணமும்

பயண வலைப்பூ என்று வந்தவர்கள் மலையையும் அருவியையும் தேட வேண்டாம். இந்தமுறை நான் போனது சிதம்பரத்திலிருந்து கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுன் வரைக்கும்தான். நாற்பது கிலோமீட்டர் சொச்சம். பிச்சாவரம் படகுச் சவாரி பற்றி நான் எழுதிய பதிவைப் படித்துவிட்டு இங்கே வருகிறவர்கள் நிறைய. அவர்களுக்கு இது எதற்கும் உதவாது. ஆனால் வீட்டில் உட்கார்ந்து சொந்தமாக ஒரு சர்க்யூட் போர்டு செய்து, அதை மடியில் வைத்துக்கொண்டு வெளியூருக்கு பஸ் ஏறப் போகிறவர் யாராவது இருந்தால், அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த ஆண்டு, அதாவது 2012 ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. நானும் என் தோழி ஸ்டெல்லாவும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். பிறகு ஆளுக்கொரு பாலிடெக்னிக்கில் வேலை பார்த்தோம். இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டு இந்த போர்டை வடிவமைத்தோம். உள்ளங்கை அளவுதான் இருக்கும். அதில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் சிப், ஒரு நெட்வொர்க் சிப், நெட்வொர்க் கேபிள் செருக ஒரு சாக்கெட். ஐஸ் ஃபேக்டரியின் குளிர் அறையில் மாட்டினால், உள்ளே எவ்வளவு குளிர் இருக்கிறது, கரன்ட் இருக்கிறதா போய்விட்டதா என்பதை முதலாளி தன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் பார்க்கலாம். போன வருடக் கடைசியில் அடித்த புயலுக்குப் பிறகும், இந்தக் கோடையின் பவர் கட்டிலும் எவ்வளவு மீன் வீணானது என்று துறைமுகப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஓ.டி.யில் ஐஸ் ஃபேக்டரி வைத்திருக்கும் ராஜவேலு என்பவர், செய்து காட்டுங்கள் பார்க்கலாம் என்றிருந்தார். அதே சனிக்கிழமை அவருடைய மனைவியின் தம்பி முரளியும் வருவதாக ஏற்பாடு. முரளி கடலூரில் கம்ப்யூட்டர் கடை நடத்துகிறவர். இதே வேலையைச் செய்யும் வெளிநாட்டுப் பெட்டி ஒன்றை விற்கிறார். எது பிடிக்கிறதோ அதை ராஜவேலு வாங்குவார். ஸ்டெல்லாவுக்குச் சென்னையில் ஒரு வேலை தயாராக இருந்தது. இந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் அவள் அதில் போய்ச் சேர வேண்டும் என்று வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். எங்கள் வீட்டில் எனக்கு வேறு மாதிரி முடிவு செய்திருந்தார்கள். ஜாதகம் கையில் இருந்தது.

காலை ஏழு மணிக்கு சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கடலூர் வண்டி ஏறினேன். டிக்கெட் இருபது ரூபாய். போர்டை வெள்ளித்தாள் மாதிரி பளபளக்கும் உறையில் சுற்றி, டிபன் பாக்ஸுக்குள் வைத்து மடியில் பிடித்திருந்தேன். ஜன்னலோர இடம் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை. கண்டக்டர் பார்த்துவிட்டார்.

"என்னாம்மா அது, சாப்பாடா? இப்படிக் கட்டிப் புடிச்சிக்கினு வர்ற?"

"சர்க்யூட் போர்டுண்ணே. குலுங்கக் கூடாது."

"அப்ப கடைசி சீட்டுல ஏன் குந்தியிருக்க? முன்னால வா. பின்னால தூக்கிப் போட்டுச்சுன்னா உன் போர்டு தனியா, நீ தனியா கெடப்ப."

முன்னால் இரண்டாவது சீட்டில் இடம் பிடித்துக் கொடுத்தார். புதுச்சத்திரம் தாண்டியதும் சாலை அவர் சொன்னபடிதான் இருந்தது. ஆலப்பாக்கம் பக்கம் புயலில் தலை போன தென்னைகள் இன்னும் அப்படியே நின்றன. ஓ.டி.யில் இறங்கும்போது எட்டரை.

போர்டில் நெட்வொர்க் சிப் மட்டும் இன்னும் ஒட்டியிருக்கவில்லை. அது ஓ.டி.யிலேயே இருக்கும் ஸ்டெல்லா வீட்டுக்குக் கொரியரில் வர வேண்டும். பத்து மணிக்கு மேல்தான் வந்தது. இருபத்தெட்டுக் கால்கள் உள்ள சிப். ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் இடையில் நூல் நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி. ஸ்டெல்லாவின் அம்மா ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்ததால் சாப்பாட்டு மேசை எங்களுக்குக் கிடைத்தது. நான் சிப்பைப் பிடிக்க, ஸ்டெல்லா ஒவ்வொரு காலாக ஈயம் வைத்தாள். கடைசிக் காலை முடித்து அவள் நிமிர்ந்தாள். ஃபேன் நின்றது.

"போச்சுடி," என்றாள். "இனிமே மூணு மணிக்குத்தான் வரும்."

போர்டுக்கு இன்னும் ஒருமுறைகூட கரன்ட் கொடுக்கவில்லை. அதற்குள் போன் அடித்தது. ராஜவேலு. "மச்சான் வந்துட்டாரும்மா. பொட்டியும் கொண்டாந்துட்டாரு. நீங்க எப்ப வர்றீங்க? மத்தியானத்துக்கு மேல நான் மீன் எறக்க போட்டுக்குப் போவணும்."

இப்போது வருகிறோம் என்றேன். ஸ்டெல்லா என்னை முறைத்தாள். "ஆன் பண்ணாத போர்ட எடுத்துக்கினு போயி அவுங்க முன்னாடி ஆன் பண்ணப் போறியா? கருகிப் போனா?"

"கருகினா அங்கேயே கருகட்டும். போவாம இருந்தா அவன் பொட்டிய மாட்டிட்டுப் போயிடுவான்."

ஆட்டோவுக்கு நாற்பது ரூபாய். துறைமுகம் போகும் சாலையில் மீன் வண்டிகள் மறிப்பதால் அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஐஸ் ஃபேக்டரியில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ராஜவேலு ஐம்பது வயதுக்காரர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பேசும்போது எதிராளியின் கையையே பார்க்கிறவர். முரளி மேசைமேல் தன் பெட்டியைப் பிரித்து வைத்திருந்தார். கறுப்பாக, அழகாக, நிறுவனப் பெயர் பொறித்து இருந்தது. டிபன் பாக்ஸைத் திறந்து நான் போர்டை எடுத்ததும் அவர் சிரித்தார். கெட்ட எண்ணத்தில் என்று சொல்ல மாட்டேன். அது தானாக வந்த சிரிப்பு.

"எத்தனை நாளா ஓடுதுங்க இது?"

"இன்னும் ஆன் பண்ணவே இல்ல. இப்பதான் முதல் தடவை," என்றேன்.

"மாமா, கேட்டீங்களா? ஒரு தடவ கூட ஓடாத போர்ட எடுத்துக்கினு வந்திருக்காங்க."

"கேட்டேன், கேட்டேன். ஓட்டட்டும், பாப்போம்," என்றார் ராஜவேலு.

முதல்முறை கரன்ட் கொடுக்கும்போது நேராகக் கொடுக்க மாட்டோம். கரன்ட் வரும் வழியில் ஒரு பைக் இண்டிகேட்டர் பல்பைச் சேர்ப்போம். போர்டு சரியாக இருந்தால் பல்பு எரியாது, அல்லது மங்கலாகத் தெரியும். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்து, போர்டு கருகாமல் காப்பாற்றும். நான் அடாப்டரைச் செருகினேன்.

பல்பு பளீரென்று எரிந்தது.

உடனே பிடுங்கினேன். வெளியே ஐஸ் உடைக்கும் சத்தம் மட்டும். முரளி தன் பெட்டியின் வயரை எடுத்து மெதுவாகச் சுற்றை அவிழ்க்கத் தொடங்கினார். அந்தச் சத்தமில்லாத வேலை எனக்கு அவருடைய சிரிப்பைவிட எரிச்சலாக இருந்தது. காது சூடாகிவிட்டது. ஸ்டெல்லா என் கையைத் தொட்டாள். போகலாம் என்கிறாளோ என்று திரும்பினேன்.

"மீட்டர எடு," என்றாள்.

மல்டிமீட்டரின் ஒரு முனையை மின்சாரம் வரும் பாதையிலும் இன்னொன்றை அது திரும்பும் பாதையான கிரவுண்டிலும் வைத்தேன். பீப் என்று கத்தியது, இரண்டும் எங்கோ ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். காலையில் சிப் ஒட்டுவதற்கு முன் இதே இடத்தில் கத்தவில்லை. அப்படியென்றால் தப்பு அந்த இருபத்தெட்டுக் கால்களுக்குள்தான். ராஜவேலுவிடம் ஒரு ப்ளக் பாயின்ட் கேட்டு சால்டரிங் அயர்னைச் செருகினேன்.

"இங்கியே ரிப்பேரா?" என்றார் முரளி. "எடுத்துக்கினு போயி நிதானமாப் பாத்துட்டு அடுத்த வாரம் வாங்களேன்."

"அடுத்த வாரம் வந்தா உங்க பொட்டி செவுத்துல இருக்கும். நான் இங்கியே பாக்கறேன்."

ஸ்டெல்லா லென்ஸை வைத்து ஒவ்வொரு காலாகப் பார்த்தாள். இருபதாவது காலுக்கும் இருபத்தோராவது காலுக்கும் நடுவில் கடுகில் பாதி ஈயம் பாலம் போட்டிருந்தது. ஒன்று மின்சாரம் வரும் கால், அடுத்தது கிரவுண்ட். ஈயத்தை உறிஞ்சும் செம்புப் பின்னலை வைத்துச் சூடு காட்டியதும் ஈயம் அதில் ஏறிவிட்டது. மறுபடி மீட்டர். கத்தவில்லை.

இரண்டாவது தடவை அடாப்டரைச் செருகினேன். பல்பு எரியவில்லை. போர்டில் பச்சை எல்.இ.டி. எரிந்தது. கேபிளை ராஜவேலுவின் ஆபீஸ் நெட்வொர்க்கில் செருகியதும் சாக்கெட்டில் மஞ்சள் விளக்கு துடிக்க ஆரம்பித்தது. ஸ்டெல்லா அவருடைய கம்ப்யூட்டரிலிருந்து பிங் கொடுத்தாள். 'இருக்கிறாயா' என்று கேட்பதுதான் பிங். போர்டு உயிரோடு இருந்தால் பதில் வரும். ஒரு வரி வந்தது. அடுத்த வரி. அதற்கடுத்தது. வந்துகொண்டே இருந்தது. நான்கு மாதமாக அட்டைப் பெட்டியிலும் காகிதத்திலும் கிடந்த ஒன்று முதல் முறையாகப் பேசுகிறது. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. குளிரை அளக்கும் சென்சாரை ஐஸ் கட்டிமேல் வைத்தேன். திரையில் டிகிரி இறங்கியது.

"சரிங்க, ஓடுது," என்றார் முரளி. "இங்க கரன்ட் போயி வர்ற லட்சணத்துக்கு இது எத்தனை நாளைக்குத் தாங்கும்?"

"நீங்களே புடுங்கிப் பாருங்க," என்றேன்.

பிடுங்கினார். செருகினார். பிங் நின்று, திரும்ப வந்தது. மறுபடி பிடுங்கினார். பாதி செருகி ஆட்டினார். வந்தது. அந்த நேரம் பார்த்து கம்ப்ரசர் கிளம்ப, ஜெனரேட்டர் முனகி, ட்யூப் லைட் மங்கியது. பிங் நின்றுபோனது. பதில் இல்லை. திரையில் தோல்வி வரிகளாக ஏறின. முரளி ராஜவேலுவைப் பார்த்தார். ராஜவேலு என் கையைப் பார்த்தார். நான் கைகளைக் கட்டிக்கொண்டேன். போர்டு இயங்காமல் நின்றுபோனால் தன்னைத்தானே அணைத்து எழுப்பிக்கொள்ள அதற்குள் ஒரு ஏற்பாடு வைத்திருந்தேன். இந்தப் பவர் கட்டில் சிதம்பரத்தில் உட்கார்ந்து புரோகிராம் எழுதும் யாருக்கும் அது இல்லாமல் எழுதத் தோன்றாது. ஆனால் அது இந்த போர்டில் வேலை செய்யுமா என்று எனக்கும் தெரியாது.

பச்சை விளக்கு அணைந்தது. எரிந்தது. பிங் வந்தது.

"நாளைக்கு இது கெட்டா யாருங்க வருவா?" என்று முரளி கேட்டார். குரலில் இப்போது கேலி இல்லை. அது நியாயமான கேள்வியும்கூட. "நீங்க ரெண்டு பேரும் கல்யாணம் ஆயி எங்கியாவது போயிடுவீங்க."

"சிதம்பரத்துலேர்ந்து ஒன்றரை மணி நேரத்துல நான் வருவேன். இவ அரை மணி நேரத்துல வருவா. உங்க பொட்டி கெட்டுச்சுன்னா எந்த நாட்டுக்கு அனுப்புவீங்க?"

ராஜவேலு சத்தமாகச் சிரித்துவிட்டார். "மச்சான், உன் பொட்டி ஒரு ரூம்ல. இதுங்க போர்டு ஒரு ரூம்ல. மழ முடியட்டும். அப்பறம் பேசலாம்."

வெளியே வந்ததும் ஸ்டெல்லா ஒரு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் செய்தாள். "நான் மெட்ராஸ் போவலம்மா," என்றாள். மறுமுனையில் நீளமாக ஏதோ கேட்டது. "திட்டிக்கோ. போவல," என்று சொல்லி வைத்தாள். நான் ஐந்து மணி பஸ்ஸில் திரும்பினேன். ஜாதகப் பேச்சை அன்று இரவே நிறுத்தச் சொன்னேன். நிறுத்தவில்லை. நானும் போர்டு வேலையை நிறுத்தவில்லை.

மழை வந்து போய்விட்டது. முரளியின் பெட்டியும் நன்றாகவே ஓடியது, அதைச் சொல்ல வேண்டும். ஆனால் மீதி இரண்டு குளிர் அறைகளுக்கும் ராஜவேலு எங்களிடம்தான் வாங்கினார். கூப்பிட்டால் ஆள் வருகிறது என்பதுதான் காரணம் என்றார். போன வாரம் முரளியே போன் செய்தார். பத்து போர்டு வேண்டும், தன் கடைப் பெயர் ஒட்டி விற்றுக்கொள்கிறேன் என்றார். எங்கள் பெயர் போர்டிலேயே அச்சாகி வரும், அப்படியே விற்பதானால் தருகிறோம் என்றோம். யோசிக்கிறேன் என்றார். யோசிக்கட்டும்.

இதே மாதிரிப் பயணம் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பஸ்ஸில் முன்பக்கம் உட்காருங்கள். போர்டை பாலிதீன் பையில் போடாதீர்கள், உராய்வில் உண்டாகும் மின்சாரம் சிப்பைக் கெடுத்துவிடும்; அதைத் தடுக்கும் பளபளக்கும் உறை சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். சால்டரிங் அயர்ன், மீட்டர், லென்ஸ் மூன்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சிப்பை ஒட்டியதும், எவ்வளவு அவசரமானாலும், ஒருமுறை மீட்டர் வைத்துப் பாருங்கள். பைக் பல்பு பத்து ரூபாய்தான், அதை மறக்காதீர்கள்.

முடிந்தால் வீட்டிலேயே ஆன் செய்து பார்த்துவிட்டுப் போங்கள். முடியாவிட்டால், பார்க்காமலே போங்கள். வீட்டில் இருந்தால் அது கருகாது. பேசவும் பேசாது.