இருபத்தேழாம் நம்பருக்கு வழி சொன்னவர்

கண்ணாடிக் கடை அக்காவுக்கு வயது ஐம்பத்திரண்டு. லென்ஸைத் தேய்த்து பிரேமுக்குள் உட்கார வைப்பது அவர் வேலை. அரை மில்லிமீட்டர் கூடினாலும் லென்ஸ் ஏறாது என்பதால், எதையும் சரியாகச் சொல்லிப் பழகியவர். அந்தப் பழக்கம்தான் அவரை வம்பில் மாட்டிவிட்டது.

அப்போது குழாய் பதிக்கிறோம் என்று ஊரையே வெட்டிப் போட்டிருந்தார்கள். திங்கட்கிழமை திறந்திருந்த தெரு புதன்கிழமை மூடியிருக்கும். இருபத்தேழாம் நம்பர் பஸ் எந்த வழியாகப் போக வேண்டும் என்று டிப்போவில் ஒருவருக்கும் தெரியாது. போதாக்குறைக்கு வாரத்துக்கு ஒரு டிரைவர். ஒருநாள் காலை, புதிதாக வந்த டிரைவர் நாற்சந்தியில் வண்டியை நிறுத்திவிட்டுப் பின்னால் திரும்பினார்.

"மார்க்கெட்டுக்கு எந்தப் பக்கம்ங்க?"

ஆளாளுக்கு ஒரு பக்கம் கையை நீட்டினார்கள். அவரவர் இறங்க வேண்டிய இடம் அந்தந்தப் பக்கம். கண்டக்டரோ, "நானே நேத்துதான் வந்தேன்" என்று கையை விரித்துவிட்டார். அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"இடது. தண்ணித் தொட்டி தாண்டினதும் வலது. அங்க ஒரு பள்ளம் இருக்கு, மெதுவா போங்க."

பஸ் போய்ச் சேர்ந்தது. அத்தோடு விட்டது என்று அக்கா நினைத்தார். எங்கே விட்டது? மறுவாரம் வந்த டிரைவர் நிறுத்தத்தில் தலையை வெளியே நீட்டி, "கண்ணாடிக் கடை அக்கா யாருங்க?" என்றார். டிப்போவில் வண்டியை ஒப்படைக்கும்போது சாவியோடு அக்காவின் அடையாளத்தையும் சொல்லி அனுப்பினார்களாம்.

ஒருநாள் அக்காவுக்குக் காய்ச்சல். எட்டேகாலுக்கு வாசலில் ஹாரன் சத்தம். அவர் கணவர் வாயில் பிரஷ்ஷோடு கதவைத் திறந்தார். ஒரு கார் நுழையவே யோசிக்கும் சந்தில் பஸ் நின்றது. ஜன்னல்களில் நாற்பது முகங்கள். பஸ்ஸிலிருந்த பக்கத்து வீட்டு டைப்பிஸ்ட்தான் வீட்டை அடையாளம் காட்டியிருக்கிறார்.

"அக்கா இல்லீங்களா?" என்றார் டிரைவர்.

"காய்ச்சல். படுத்திருக்கா."

"எந்தப் பக்கம்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க சார்."

கணவர் உள்ளே போய்க் கேட்டு வந்து சொன்னார். வாய் நிறைய நுரை. ஒரு எழுத்தும் விளங்கவில்லை. கடைசியில் அக்காவே போர்வையைச் சுற்றிக்கொண்டு ஏறினார். சந்தில் வண்டியைத் திருப்ப வழியில்லை. கணவர் பனியனோடு பின்னால் நின்று, "வரட்டும், வரட்டும்" என்று கையைக் காட்டியபடியே பெரிய தெரு வரைக்கும் வந்துவிட்டார்.

அடுத்த வாரம் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினார். அக்காவின் டிக்கெட்டை அவர் பார்க்கவே இல்லை. டிரைவரின் தலைக்கு மேலிருந்த பலகையைத்தான் காட்டினார். 'வண்டி ஓடும்போது ஓட்டுநரிடம் பேசக் கூடாது.'

"நீங்க பேசினதை என் காதால கேட்டேன்."

"வழி சொன்னேன் சார்."

"அதுவும் பேச்சுதானேம்மா?" என்று அபராதச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

"வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டேன்" என்று அன்று மாலை அக்கா கணவரிடம் பொருமினார். "இனிமே அந்த பஸ்ஸே வேண்டாங்க. நான் நடந்தே போறேன்."

மறுநாள் குடையை விரித்துக்கொண்டு கிளம்பினார். பாதி வழியில் முதுகுக்குப் பின்னால் என்ஜின் உறுமியது. ஒதுங்கி நின்றார்; பஸ்ஸும் நின்றது. நடந்தார், பஸ்ஸும் நகர்ந்தது.

"முன்னாடி போய்த் தொலைங்களேன்!"

"வழி தெரிஞ்சா போக மாட்டோமாக்கா?" என்றார் டிரைவர் பாவமாக.

உள்ளேயிருந்து இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார். "நீங்க இப்ப வண்டிக்கு வெளியில இருக்கீங்க. பேசினா விதியில தப்பே இல்லம்மா."

"எனக்குப் பேச ஒண்ணும் இல்ல சார். நான் வேலைக்குப் போறேன்."

முன்னால் அக்கா, ஆள் நடக்கிற வேகத்தில் பின்னால் பஸ். பொறுமை இழந்த சிலர் இறங்கி நடந்து, இரண்டையும் முந்திக்கொண்டு போனார்கள். அக்கா கடைக்குள் நுழைந்ததும் பஸ் வாசலிலேயே நின்றுவிட்டது. முதலாளி வெளியே பார்த்துவிட்டு, "இவங்கல்லாம் யாரும்மா?" என்றார். நேரம் போகாமல் ஆறு பேர் உள்ளே வந்து கண்ணைச் சோதித்துக்கொண்டார்கள். ஏழாவதாக இன்ஸ்பெக்டர். அவருக்குத் தூரத்துப் பார்வை சுத்தமாக இல்லை என்று தெரியவந்தது. முதலாளிக்கு வாயெல்லாம் பல். அக்காவுக்கும் மனம் இளகிவிட்டது. வாசலுக்கு வந்து, "நேரா போய் ரெண்டாவது வலது" என்றார். பஸ் கிளம்பியது.

முன்னால் அக்கா, பின்னால் பஸ் என்று நான்கு மாதம் இப்படியே நடந்தது. பிறகு பள்ளங்களை மூடினார்கள். ஊர் வழியெல்லாம் தெரிந்த நிரந்தர டிரைவர் ஒருவரையும் போட்டார்கள். முதல் நாளே அவர் அக்காவின் அருகில் வண்டியை நிறுத்தி, மரியாதையாக, "ஏறுங்கக்கா" என்றார்.

"நீங்க போங்க தம்பி" என்று அக்கா நடையை எட்டிப் போட்டார். "எனக்கு நேரமாச்சு."