உள்ளங்கைக்குக் கீழே இருந்த வசனம்

காலை ஐந்தே முக்கால். மன்னார் பஸ் வருமா வராதா என்று வவுனியா பஸ் நிலையத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. நாட்டில் எண்ணெய் இல்லாத காலம் அது. பெற்றோல் வரிசை எங்கள் தெருவைச் சுற்றி வளைந்து என் கடை வாசல் வரை வந்து நின்றது. நான் சைக்கிள் கடைக்காரன். ஊரே எண்ணெய்க்கு அலைந்த நாட்களில் எனக்கு மட்டும் வியாபாரம் சூடு பிடித்திருந்தது. அதை வெளியில் சொல்லவே கூச்சமாக இருந்தது.

முதல் நாள் மாலை தாழ்வுபாட்டிலிருந்து தங்கை ஜெசிந்தா போன் எடுத்தாள்.

"அண்ணா, ஒருக்கா வந்து எங்களைப் பாத்திட்டுப் போங்கோ."

"ஏன், ஆருக்கும் சுகமில்லையோ?"

"எல்லாரும் சுகம்தான். நீங்கள் வாங்கோ."

அவ்வளவுதான். அந்த மாதங்களில் மன்னாரிலிருந்து இப்படி ஒரு அழைப்பு வந்தால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். இராமேஸ்வரம் பக்கம் களவாகப் படகேறப் போகிறவர்கள் சொந்தக்காரரைக் கடைசியாக ஒரு முறை பார்த்துக்கொள்வார்கள். நான் பெரிய பயந்தாங்கொள்ளி. வீரதீரத்தை எதிர்பார்த்து யாராவது இதைப் படித்தால் பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது, அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஏழு மணிக்கு ஒரு பஸ் வந்தது. டிக்கெட் நானூற்று இருபது ரூபா. வழி ஏறத்தாழ எண்பது கிலோமீற்றர். பூவரசங்குளம் வரை ஒற்றைக் காலில் நின்றேன். மடுச் சந்தியில் சிலர் இறங்க, முருங்கனில் அதைவிடக் கூடப் பேர் ஏறினார்கள். உயிலங்குளத்தில் அடம்பன் பக்கத்து வயல்காரர்கள் இறங்கிய பிறகுதான் உட்கார இடம் கிடைத்தது. பக்கத்தில் பேசாலைக்குப் போகும் ஒரு அம்மா. நான் கேளாமலே கதை சொல்லத் தொடங்கிவிட்டார்.

"போன கிழமை ஒரு குடும்பத்தை ஓட்டி மணல் திட்டில இறக்கிப்போட்டு வந்திட்டானாம், தம்பி. இதுதான் இந்தியா, இறங்குங்கோ எண்டானாம். விடிஞ்சு பாத்தா நாலு பக்கமும் கடல். தண்ணி இல்லை, நிழல் இல்லை. சின்னப் பிள்ளையளும் இருந்ததாம்."

படகில் ஆட்களைக் கடத்துகிறவரைத்தான் அங்கே ஓட்டி என்கிறார்கள்.

"பிறகு என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

"ஆருக்குத் தெரியும்? ஒராள் காப்பாத்திட்டாங்கள் எண்டுது. மற்றாள் இல்லை எண்டுது. போனில ஒவ்வொண்டும் ஒவ்வொரு மாதிரி வருது. எதை நம்புறது?"

அந்த நேரம் பார்த்துப் பஸ் தாம்போதியில் ஏறியது. மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் அந்த மூன்று கிலோமீற்றர் வீதியில் இரண்டு பக்கமும் தண்ணீர்தான். முழங்காலளவு ஆழம்கூட இல்லாத இடங்கள் உண்டு என்பது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? மறுகரை வரும்வரை முன்சீட்டுக் கம்பியைப் பிடித்த கையை நான் எடுக்கவில்லை.

மன்னார் நகரில் இறங்கினால் வாகனங்களே இல்லை. நடுவீதியில் கழுதைகள்தான் ராஜநடை போட்டுக்கொண்டிருந்தன. அவற்றுக்குப் பெற்றோல் தேவையில்லையே. தாழ்வுபாட்டுக்கு ஓட்டோ வழக்கத்தில் நானூறு ரூபா. அன்று ஆயிரத்து இருநூறு கேட்டார் சாரதி.

"அநியாயம்!" என்றேன்.

"எண்ணெய் எடுத்த விலையைச் சொன்னா நீங்கள் இறங்கி நடப்பியள்" என்றார் அவர். கேட்ட காசை எடுத்துக் கொடுத்தேன்.

கீரிப் பக்கம் போகும் கிளைவீதியைக் கடந்து தாழ்வுபாட்டுக்குப் போனோம். கரையில் படகுகள் எல்லாம் ஏற்றி வைக்கப்பட்டிருந்தன. மண்ணெண்ணெய் இல்லாமல் எஞ்சின் எப்படி ஓடும்? கருவாடு காயப்போடும் பந்தல்கள் வெறுமையாகக் கிடந்தன. அந்த ஊருக்குள் மீன் வாசம் இல்லாமல் நான் நுழைந்தது அதுதான் முதல் தடவை.

ஜெசிந்தாவின் கணவர் அன்ரன் வாசலில் நின்றார். "வாங்கோ மச்சான்" என்றார். முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே கதிரையில் ஒரு தோள்பை கட்டி வைக்கப்பட்டிருந்தது.

"எப்ப?" என்றேன்.

"இண்டைக்கு" என்றாள் தங்கை. "நாலு மணிக்கு ஓட்டி வந்து முடிவு கேப்பார்."

நாலு வயது மருமகள் மெலனி ஓடிவந்து மடியில் ஏறினாள். "மாமா, நான் ஒரு விளையாட்டுக் காட்டட்டோ?" என்றாள். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணை உருட்டியபடி அசையாமல் இருந்தாள். நான் சிரித்தேன். அவள் கையை எடுக்கவில்லை. என் சிரிப்பு நின்றது. தாய் "காணும் பிள்ளை, கையை எடு" என்ற பிறகுதான் மூச்சு விட்டாள்.

"படகில சத்தம் போடக்கூடாது" என்றாள் ஜெசிந்தா. "நித்திரையாக்கப் பாணி மருந்தும் வாங்கி வைச்சிருக்கிறன். ஓட்டிதான் சொன்னவர்."

எனக்குக் கோபம் வந்தது. பயம் மிஞ்சினால் எனக்குக் கோபம்தான் வரும். "உங்களுக்கென்ன விசரே? பச்சைப் பிள்ளைக்கு மருந்து குடுத்துக் கடலில கொண்டு போறதோ?" என்று கத்தினேன்.

"இங்க இருந்து என்ன செய்யிறது மச்சான்?" என்றார் அன்ரன். "நான் கடலுக்குப் போய் ஒரு மாதம். பிள்ளைக்குப் பால்மா இல்லை. நேற்றும் தேத்தண்ணியில பாண் நனைச்சுத்தான் குடுத்தது."

பஸ்ஸில் கேட்ட மணல் திட்டுக் கதையைச் சொன்னேன். ஜெசிந்தா தலையை ஆட்டினாள். "நாங்களும் கேள்விப்பட்டனாங்கள். அதுக்காகத்தான் அவரைப் பைபிளில கை வைக்கச் சொன்னனான். தனுஷ்கோடிக் கரையிலதான் இறக்குவன் எண்டு சத்தியம் பண்ணினவர். அதுக்கு மேல என்ன வேணும் அண்ணா?"

வெளியூர்க்காரருக்கு இது விளங்காமல் போகலாம். தங்கையும் நானும் பிறந்து வளர்ந்த கரையில் பைபிளில் கை வைத்தால் வழக்கு முடிந்தது. எங்கள் ஐயாவின் படகு எஞ்சின் ஒரு முறை களவு போனது. ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் வேதப்புத்தகத்தில் கை வைக்கவேண்டும் என்று சொன்னதுதான் தாமதம், சனிக்கிழமை காலை எஞ்சின் கோயில் மதிலடியில் இருந்தது. அப்படி வளர்ந்தவர்கள் நாங்கள். போனை நம்பமாட்டோம், வானொலியை நம்பமாட்டோம், மந்திரிமாரைக் கனவிலும் நம்பமாட்டோம். இதை நம்புவோம்.

ஆனால் பயம் போகவில்லை. நாலு மணி வரை முற்றத்தில் நடந்தேன். ஓட்டியை எனக்கு முன்னால் திரும்பவும் கை வைக்கச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன். பொய்யன் என்றால் இரண்டாம் தரம் கை கூசும் என்று ஒரு கணக்கு.

அவர் சொன்ன நேரத்துக்கே வந்தார். நாற்பது வயதிருக்கும்; மரியாதையான மனிதர். வெறும் தேநீரை ருசித்துக் குடித்தார். நான் கேட்டதும், "அதுக்கென்ன அண்ணை, கொண்டு வாங்கோ" என்றார்.

ஜெசிந்தா அலுமாரியிலிருந்து பைபிளை எடுத்து வந்தாள். எங்கள் வீட்டு வழக்கப்படி மூடிய அட்டையில் கை வைப்பதில்லை. திறந்த நற்செய்தியில்தான் வைக்க வேண்டும். நாடா வைத்த இடத்தைத் திறந்தாள். மத்தேயு, மலைப்பொழிவு. துயரப்படுகிறவர்கள் பேறுபெற்றவர்கள் என்று வருகிற பக்கம். ஐயா செத்த நாளிலிருந்து அவள் தினமும் வாசிக்கும் பக்கம் அது.

ஓட்டி உள்ளங்கையை விரித்து வைத்தார். "கடவுள் சத்தியமா, மாதா சத்தியமா, உங்களைக் கரையிலதான் இறக்குவன்." கூச்சமும் இல்லை, தடுமாற்றமும் இல்லை. என் கணக்குப் பிழைத்தது. கடைசிக் கதவும் மூடிவிட்டது, இவர்கள் போகத்தான் போகிறார்கள் என்று நினைத்தேன்.

அவர் கையை எடுத்தார். வியர்வை பக்கத்தில் ஈரமாகப் பதிந்திருந்தது. தாள் கெட்டுவிடுமே என்று துடைக்கக் குனிந்தேன். ஈரம் பட்ட வரிகள் கண்ணில் பட்டன. ஒரு தரம் வாசித்தேன். நம்பாமல் இன்னொரு தரம் வாசித்தேன். வாய் திறக்கப் பயமாக இருந்தது. விரலை அந்த இடத்தில் வைத்தபடியே புத்தகத்தைத் தங்கையிடம் நீட்டினேன்.

அவள் சத்தமாக வாசித்தாள். ஆணையிடவே வேண்டாம் என்று இயேசு சொல்கிற இடம் அது. வானத்தின் மேலும் வேண்டாம், பூமியின் மேலும் வேண்டாம், உன் தலையின் மேலும் வேண்டாம். ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை, அதற்கு மேல் சேர்ப்பதெல்லாம் தீயவனிடமிருந்து வருகிறது என்கிறார்.

"ஒவ்வொரு நாளும் இந்தப் பக்கத்தைத்தான் வாசிக்கிறனான்" என்றாள் ஜெசிந்தா. "பேறுபெற்றோர் முடிஞ்ச உடன மூடி வைச்சிடுவன்." பிறகு ஓட்டியைப் பார்த்தாள். "அண்ணை, நீங்கள் சத்தியம் பண்ணினது வேண்டாம். அதை நான் விட்டிட்டன். ஓம் எண்டா ஓம், இல்லை எண்டா இல்லை எண்டு சொல்லுங்கோ. எங்களைக் கரையில இறக்குவீங்களோ?"

"தங்கச்சி, கடல் விசயம் எண்டா காத்தைப் பாக்கவேணும்…"

"ஓமோ, இல்லையோ?"

"அங்கால இந்திய நேவி, இஞ்சால எங்கட நேவி. வெளிச்சம் அடிச்சா…"

"ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, இப்பவே பையைத் தூக்கிறன்."

எங்கள் பேச்சில் ஓம் என்பது மூச்சு மாதிரி. ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டே நாளைக் கழிப்போம். அந்த மனிதருக்கு அது வாயில் வரவில்லை. கோப்பையின் அடியைப் பார்த்தபடி இருந்தார்.

"துரத்தினாங்கள் எண்டா திட்டிலதான் இறக்கவேண்டி வரும்" என்றார் கடைசியில். "போன முறையும் அப்பிடித்தான். எனக்கும் பிள்ளையள் இருக்கு, தங்கச்சி."

"நாங்கள் வரேல்லை" என்றார் அன்ரன்.

ஓட்டி எழுந்து போனார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம். ஜெசிந்தா பையை அவிழ்த்து மருந்துப் போத்தலை எடுத்தாள். கிணற்றடியில் ஊற்றிவிட்டு, போத்தலை இரண்டு தரம் அலசினாள். அன்று மாலையே காற்றுக் கிளம்பிவிட்டது. அந்தக் காற்றில் வேறு யாரும் போனார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை ஆறரை. ஜெசிந்தா மெலனியைத் தூக்கிக்கொண்டு என்னோடு வீதி வரை வந்தாள்.

"அண்ணா, நாங்கள் இங்க இருந்தாத் தப்பிப் பிழைப்பமோ?"

ஓம், கட்டாயம், சத்தியமாக என்று மூன்று சொல்லும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன. கலங்கி நிற்கிற தங்கைக்கு வேறு எதைச் சொல்வது? மூன்றையும் விழுங்கினேன்.

"தெரியாது பிள்ளை" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். அந்தக் காலத்தில் தொலைக்காட்சியிலும் போனிலும் எத்தனையோ பேர் எங்களுக்கு எத்தனையோ உறுதி தந்தார்கள். ஒருவரும் தெரியாது என்று சொல்லவில்லை. அவள் முகம் கொஞ்சம் இளகியது.

"சரி. அப்ப வாற ஞாயிறு பால்மாவோட வருவீங்களோ?"

எங்கள் தெருவில் கடையும் உண்டு, தெரிந்தவர்களும் உண்டு. எப்படியாவது ஒரு பெட்டி தேடிப் பிடிக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஓடுமா? ஓடாவிட்டால் சைக்கிள்தான். எண்பது கிலோமீற்றர். அந்தத் தாம்போதி வேறு, காற்றில், தனியாக. மெலனி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஓம்" என்றேன்.

அந்த ஞாயிறு பஸ் ஓடவில்லை. பால்மாப் பெட்டியைச் சைக்கிளில் கட்டினேன்.