நெருப்புக்கு எழுதிய விதி

நான் உருவாக்கிய மந்திர உலகத்தில் நெருப்பு மட்டும் ஒரு வருடமாக வேலைக்கு ஆகாமல் கிடந்தது. நீருக்கு விதி எழுதிவிட்டேன்: ஒருவன் மழையை அழைத்தால் அவன் ஊர்க் கிணறு ஒன்று வற்றும். காற்றை ஏவுகிறவனுக்கு மூன்று நாள் பேச்சு வராது. மண்ணை அசைக்கிறவனால் அன்று முழுக்க உட்கார முடியாது. வானத்துக்குக்கூட எதையோ ஒப்பேற்றியாகிவிட்டது. நெருப்பு என்று வந்தால், உள்ளங்கையை நீட்டினால் தீ பாய்கிறது என்பதைத் தாண்டி எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அப்போது ஜமுனாமரத்தூரில் ஒரு கணினி மையம் வைத்திருந்தேன். சாதிச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது தொழில். மந்திரவாதிகளைப் பற்றிக் கைபேசிச் செயலியில் தொடர்கதை எழுதுவது கிறுக்கு. கலசப்பாக்கத்தில் என் வீட்டார் அந்தக் கிறுக்கை வெளியே சொல்லக் கூச்சப்பட்டார்கள். அதைக் காது கொடுத்துக் கேட்ட ஒரே ஆள், பட்டா மாற்ற வந்து நண்பனாகிப்போன ஒரு மலை விவசாயி. என் வயதுதான். சுவரில் நான் ஒட்டியிருந்த ஐம்பூத சார்ட்டைப் பார்த்து முதல் நாளே கேட்டான்.

“கைலர்ந்து நெருப்பு வந்தா மொதல்ல கை வேவாதா?”

எனக்குச் சுருக்கென்றது. ஒரு வருடம் யோசித்த எனக்குத் தோன்றாதது, சாமை விதைக்கிறவனுக்கு ஒரு நிமிடத்தில் தோன்றிவிட்டது. அதன் பிறகு அவனை விடவில்லை. தீ மேட்டில் ஏறும்போது ஓடும், இறங்கும்போது நடக்கும் என்றான். பச்சைத் தழையால் அடித்து அணைக்கிறவன் காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும் என்றான். எல்லாவற்றையும் சார்ட்டில் ஏற்றினேன். கண்ட இடத்தில் தீயை வீசிக்கொண்டிருந்த என் மந்திரவாதிகள், முதல் முறையாகக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கத் தொடங்கினார்கள்.

மிச்சம் ஒன்றுதான் இருந்தது. தீயை எழுப்புகிறவன் எதை இழப்பான்? ஒரு நாள் டீ குடிக்கும்போது அவனிடமே கேட்டேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்.

“நாலு வருசம் முன்னாடி, விதைக்கறதுக்கு முன்ன கொல்லையோரம் பொதரக் கொளுத்துனேன். காத்து திரும்பிடுச்சி. சித்தப்பாவோட புளியமரம் அஞ்சுல மூணு கருகிப் போச்சி. மலையப் பாக்க வந்தவன் எவனோ பீடியப் போட்டுட்டான்னு அவரு இன்னிக்கும் திட்டிக்கினு கீறாரு. நானும் கூட நின்னு திட்டுனேன்.”

மிஞ்சிய இரண்டு மரத்திலும் மாசிக்கு மாசி ஏறிப் புளி உலுக்கிக் கொடுப்பது அவன்தான். கூலி வாங்க மாட்டான். அண்ணன் மகனுக்கு என்ன பாசம் என்று சித்தப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“இது நம்ம ரெண்டு பேரோட போவட்டும்ப்பா,” என்றான். சரி என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அந்த வாரமே எழுதிச் செயலியில் ஏற்றினேன். என் உலகத்தில் தீயை எழுப்புகிறவனின் தீ, எதிரியை விட்டுவிட்டு அவன் உறவின் சொத்தைத் தின்னும். செய்தது யாரென்று தெரியாமல் அவர்கள் சபிக்கும்போது அவனும் கூட நின்று சபித்தாக வேண்டும். புளியமரத்தைச் சந்தனமரம் ஆக்கினேன், சித்தப்பாவை மாமன் ஆக்கினேன், மலைக்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்தேன். ஐந்தில் மூன்று என்பதை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. இரண்டு, நான்கு என்று போட்டுப் பார்த்தேன், எதுவும் பொருந்தவில்லை. கூட நின்று திட்டியதை எடுத்தால் விதியே இல்லை. நான் எழுதியதிலேயே நல்ல அத்தியாயம் அதுதான். அதை இழக்க எனக்கு மனமில்லை. வேறு காரணம் சொன்னால் பொய்.

அவனிடம் சொல்லவில்லை. அவனோ, நம்ம மலைத் தீயை வைத்து என் தோஸ்து கதை எழுதுகிறான் என்று சித்தப்பா வீட்டில் பெருமையாகச் சொல்லி வைத்திருக்கிறான். திருப்பத்தூரில் கல்லூரி படிக்கும் சித்தப்பா மகள், பொங்கல் விடுமுறைக்கு வந்தவள், அதைத் தேடி எடுத்து அப்பாவுக்குப் படித்துக் காட்டினாள். அவர் அந்தப் பகுதியை இன்னொரு முறை படிக்கச் சொன்னாராம். மகளிடம் எதுவும் கேட்கவில்லை. அண்ணன் மகனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

மாசியில் ஒரு நாள் அவன் மையத்துக்கு வந்தான். இருந்த கூட்டம் போகும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

“சித்தப்பா கேட்டாரு. ஆமான்னுட்டேன்.”

“திட்டினாரா?”

“இல்ல. மரம் ஏற வேற ஆள வச்சிக்கினாரு.”

எல்லாம் என் கற்பனை என்று நானே வந்து அவரிடம் சொல்கிறேன் என்றேன். எனக்கே வெட்கமாக இருந்தது. அவன் கண் முன்னால் கைபேசியை எடுத்து அந்த அத்தியாயத்தை அழித்தேன். அவன் பார்த்துக்கொண்டிருந்தான். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

“இந்த மாசி புளி உலுக்கிட்டு எறங்குனதும் நானே சொல்லிடலாம்னு இருந்தேம்ப்பா,” என்றான். “கால்ல வுழுந்து சொல்லணும்னு. இனிமே நான் இன்னா சொன்னாலும் அது சொன்னதா ஆவாது. மாட்டிக்கினதாதான் ஆவும்.”