தம்பி வீட்டுத் தொலைக்காட்சியின் எண்

அரியலூரில் தந்தையார் விட்டுச்சென்ற வீட்டை நடுச்சுவர் எழுப்பி நானும் தம்பியும் பிரித்துக்கொண்டபின், எங்களிடையே பொதுவாய் எஞ்சியது இணைய இணைப்பு ஒன்றே. அதைப் பகிர்ந்தளிக்கும் திசைவி தம்பியின் கூடத்தில் இருந்தது. ஆதலால் இணைப்பு அறும்போதெல்லாம் அவனையே ஐயுற்றேன்.

அன்று முற்பகல் ஒரு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. நான் வீட்டிலிருந்தே இணையவழி வினவும் புறத்தேர்வாளன். ஆய்வாளர் வேப்பந்தட்டை ஊர்ப் பெண். கூலி வேலை செய்த குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குச் சென்றவர். விரிவுரையாளர் பணிக்கு அவரைத் தெரிவு செய்திருந்தனர். அவ்வாரத்துக்குள் பட்டச் சான்றைக் காட்டவேண்டும் என்பது நிபந்தனை.

என் இரண்டாம் வினாவுக்கு அவர் விடையிறுக்கையில் திரை உறைந்தது. மூலையில் ஓர் எச்சரிக்கை எழுந்தது. பிறர் ஏட்டில் ஒற்றுப்பிழையையும் விடாத நான், அதனைப் படியாமலே மூடிவிட்டு எழுந்து தம்பியின் வாசலுக்குச் சென்றேன். பாகப்பிரிவினையில் தொடங்கி, தாயாரின் கடைசி நாள்களில் அவன் எட்டிப்பாராதது ஈறாக, தெருவார் கேட்க உரைத்தேன்.

"நீங்க கம்ப்யூட்டரப் போட்டாத்தாண்ணே எங்க வூட்டு டிவி நின்னுபோவுது. நீங்கதான் வேணும்னே பண்றீங்கன்னு நாங்க நெனச்சிட்டிருந்தோம்" என்றான் முடிவில்.

இணைய இணைப்பு தந்த கேபிள்காரரை அவனே வரவழைத்தான். அவர் என் கணிப்பொறியைத் திறந்து பார்த்ததும் விளங்கிவிட்டது. வீட்டுக் கருவி ஒவ்வொன்றுக்கும் திசைவி தானே ஐ.பி. எனும் ஒரு முகவரி எண்ணை வழங்கும். நாளுக்கோர் எண் என்பது எனக்கு ஒழுங்கற்றதாகத் தோன்றவே, முன்பொரு நாள் கையேட்டைப் பார்த்து ஓர் எண்ணை நானே நிலையாகப் பதித்திருந்தேன். எவரிடமும் சொல்லவில்லை. திசைவியும் அதை அறியாது. தம்பி வாங்கிய புதிய தொலைக்காட்சிக்கு அதே எண்ணைக் கொடுத்துவிட்டது. ஓர் எண்ணுக்கு இரு கருவிகள் போட்டியிட்டதில் இரண்டுமே நின்றுநின்று போயின. நான் படியாமல் மூடிய எச்சரிக்கையும் அதையே சொல்லியிருந்தது.

"நம்பர நீங்களா எழுதி வைக்காதீங்க சார், அதுவே குடுத்துக்கும்" என்று இரண்டே நிமிடத்தில் சரிசெய்துவிட்டுப் போனார். மறுவாரம் தம்பி தனி இணைப்பு வாங்கிக்கொண்டான்.

தேர்வுக் குழுவோ அரைமணி காத்திருந்து, வேறு நாள் குறிப்பதாகச் சொல்லிக் கலைந்திருந்தது. பணி வேறொருவருக்குப் போயிற்று.

மூன்று வாரம் கழித்து நடந்த தேர்வில் அப்பெண் எக்குறையுமின்றி விடையிறுத்தார். பின்னர் நன்றி கூற அழைத்தபோது நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

"செல்போன் நெட்லயே வந்திருக்கலாமேங்க ஐயா. எல்லாரும் அரைமணி நேரம் உங்களுக்காக உக்காந்திருந்தாங்க."

குரலில் சினமில்லை. அன்று தம்பியின் வாசலில் நின்றபோது கைப்பேசி என் சட்டைப்பையில் இருமுறை அதிர்ந்தது. உணர்ந்தேன். பேச்சை நிறுத்த மனமின்றி எடுக்காதிருந்தேன். இதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.